விதை இரவல் தரும் நூலகங்கள்... திருப்பித் தருவதில்தான் பாடமே இருக்கிறது!

நூலகத்துக்குப் போகிறீர்கள். ஒரு நாவல், பிள்ளைக்கு ஒரு படக்கதைப் புத்தகம், கூடவே சின்ன உறையில் கொஞ்சம் தக்காளி விதை. மூன்றையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். நாவலையும் படக்கதையையும் சில வாரங்களில் திருப்பித் தந்துவிட வேண்டும். விதைக்கு மட்டும் தவணை கொஞ்சம் நீளம். விதைத்து, தண்ணீர் ஊற்றி, செடி காய்த்து, பழம் பழுத்து, அந்தப் பழத்திலிருந்து விதையெடுத்துக் காயவைத்துக் கொண்டுவந்து தர வேண்டும்.

கற்பனை இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இருக்கும் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010-ம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. நூலகத்துக்குள் ஓர் இழுப்பறை அலமாரி. அதற்குள் புத்தகம் இல்லை, விதை உறைகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. 'விளைந்தால், கொஞ்சம் விதை திருப்பிக் கொண்டுவாருங்கள்' என்ற ஒரே ஒரு வேண்டுகோள்தான்.

சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்றாலே ஓவியப் போட்டி, உறுதிமொழி, மரக்கன்று நடும்போது ஒரு போட்டோ என்று பழகிவிட்ட காலத்தில், ஒரு சாதாரண ஊர் நூலகம் எடுத்த இந்த வழி கவனிக்க வேண்டியது. பேச்சைக் கேட்டவர் மறந்துவிடலாம். கடன் வாங்கியவர் அவ்வளவு எளிதில் மறக்க முடியாது.

கப்பல் கட்டிய ஊர்

ரிச்மண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய தொழில் நகரம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்த கப்பல் கட்டும் தளங்களிலிருந்து 747 கப்பல்கள் கடலில் இறங்கின. போர் முடிந்தது, கப்பல் வேலை போனது. பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மட்டும் நிலைத்தது. 2012 ஆகஸ்டில் அந்த ஆலையில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு, மூச்சுத் திணறல், கண் எரிச்சல் என்று சிகிச்சை தேடிப் போனவர்கள் சுமார் 15,000 பேர். இந்த ஊர்க்காரர்களுக்குக் காற்றும் மண்ணும் அன்றாடக் கவலை.

இங்கே விதை நூலகத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரெபெக்கா நியூபர்ன் என்ற பள்ளி ஆசிரியை. தனிக் கட்டடம் கட்டவில்லை, நிலம் வாங்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் பொது நூலகத்தில் ஓர் அலமாரி வைக்க இடம் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எதையும் இரவல் கேட்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்ற வசதி நூலகத்தில்தானே இருக்கிறது?

இதற்கு முன்னோடிகளும் உண்டு. நியூயார்க் மாகாணத்தின் கார்டினர் என்ற சிற்றூர் நூலகத்தில், கென் கிரீன் என்ற நூலகர் 2004-லேயே விதை இரவல் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஆனால், 'எங்கள் ஊரிலும் செய்வது எப்படி?' என்று கேட்ட மற்ற ஊர்களுக்கெல்லாம் வழிகாட்டிக் குறிப்புகளைத் தயாரித்து இலவசமாகப் பகிர்ந்தது ரிச்மண்ட். அதனால்தான் சில ஆண்டுகளிலேயே அமெரிக்க நூலகங்களில் இந்த யோசனை மளமளவென்று பரவியது.

பல நூலகங்களில் இதற்குப் பயன்பட்டது எது தெரியுமா? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, புத்தகப் பட்டியல் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டி... அதேதான்! வேலையில்லாமல் மூலையில் கிடந்த பெட்டிக்கு விதை உறைகள் அளவெடுத்ததுபோலப் பொருந்திவிட்டன.

பெட்டிக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம்

ரிச்மண்ட் அலமாரியைத் திறந்தால், விதைகள் அகர வரிசையில் மட்டும் இருக்காது. 'மிக எளிது' என்று ஒரு பகுதி, 'கடினம்' என்று ஒரு பகுதி. வளர்ப்பது எளிதா, கடினமா என்பதல்ல கணக்கு. அந்தச் செடியிலிருந்து மறுபடி நல்ல விதையை எடுப்பது எளிதா, கடினமா என்பதே கணக்கு.

தக்காளி, பீன்ஸ், பட்டாணி, லெட்யூஸ் கீரை ஆகியவை எளிய பக்கத்தில் இருக்கும். காரணம், இவற்றின் பூக்கள் பெரும்பாலும் தாமே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்கின்றன. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அநேகமாகக் கலப்பதில்லை. இந்த ஆண்டு விதைத்த ரகமே அடுத்த ஆண்டும் முளைக்கும்.

பூசணி, மக்காச்சோளம், முட்டைக்கோஸ் குடும்பம் ஆகியவை கடினமான பக்கம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்து போவது தேனீ. அது உங்கள் தோட்டத்துக்கு மட்டும் வருகிற தேனீ அல்லவே? அடுத்த தெருவில் வேறு ரகப் பூசணி பூத்திருந்தால், அதன் மகரந்தமும் கூடவே வந்துவிடும். காய் பார்க்க வழக்கம்போலவே இருக்கும். அதன் விதையை அடுத்த ஆண்டு போட்டால்தான் வேறு ஏதோ காய்த்து நிற்கும். மக்காச்சோளத்தில் இந்த வேலையைக் காற்றே செய்துவிடுகிறது.

கலப்பில்லாத பூசணி விதை வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முதல் நாள் மாலையே கட்டி வைக்க வேண்டும். காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, பெண் பூவை மறுபடி மூடிவிட வேண்டும். எந்தக் காயில் இப்படிச் செய்தோம் என்று அடையாளமும் கட்ட வேண்டும். இதை ஒருமுறை செய்த பத்து வயதுக் குழந்தைக்குத் தேனீயின் அருமையைத் தனியாக வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டுரக விதையின் கதையும் இங்கேதான் புரியும். இரண்டு தாய் ரகங்களைத் திட்டமிட்டு இணைத்து உருவாக்கிய அந்த விதை முதல் விளைச்சலை நன்றாகவே தரும். அதன் பழத்திலிருந்து விதையெடுத்து மறுபடி போட்டால், பிள்ளைகள் ஒன்றுபோல இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு பருவத்துக்கும் விதைக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. விதை நூலகங்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு, விதையெடுத்துப் பெருக்கக்கூடிய ரகங்களையே கேட்டு வாங்குகின்றன.

ஒரே ரகத்தை நம்பினால்...

விதையைச் சேமிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? வரலாற்றில் ஒருமுறை முழுகியே விட்டது. 19-ம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு. அதிலும் பெரும்பகுதி 'லம்பர்' என்ற ஒரே ரகம். 1845-ல் வந்த கருகல் நோயை எதிர்க்கும் சக்தி அந்த ரகத்துக்கு இல்லை. ஒரு வயல் அழிந்த வேகத்தில் எல்லா வயல்களும் அழிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியிலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். ஆட்சியாளர்களின் அலட்சியமும் அதற்குக் காரணம்தான். ஆனால், முதல் அடி விழுந்தது ஒரே ரகத்தை நம்பிய வயல்களில்.

20-ம் நூற்றாண்டில் மட்டும் உலகின் பயிர் ரகப் பன்மையில் முக்கால் பங்கு வயல்களிலிருந்து மறைந்துவிட்டதாக ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இருப்பதையாவது காப்பாற்ற, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் பனி உறைந்த மலையைக் குடைந்து 2008-ல் உலக விதைப் பெட்டகத்தைத் திறந்தார்கள். அவசியமான ஏற்பாடு. ஆனால், பெட்டகத்தில் உறையும் விதை, உள்ளே வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். வெளியே வெயில் ஏறுவதும் மழை தவறுவதும் அதற்குத் தெரியாது. ஆண்டுதோறும் விதைத்து, அந்த ஊரின் சூட்டையும் பூச்சியையும் தாங்கி நின்ற செடியிலிருந்து விதையெடுத்தால், அந்த விதை கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊருக்குப் பழகிக்கொள்ளும். அந்த வேலைக்கு விதை பல வீட்டுத் தோட்டங்களில் சுற்றிவர வேண்டும். நூலகம் செய்வது அதைத்தான்.

அரிசோனா மாகாணத்தின் டூசான் பாலைவன நகரம். அதைச் சுற்றியுள்ள பீமா கவுன்ட்டியின் பொது நூலகம் 2012-ல் விதை இரவலைத் தொடங்கியது. அங்கே புத்தகம் போலவே விதையையும் நூலகப் பட்டியலில் தேடி, முன்பதிவு செய்து, வீட்டருகே உள்ள கிளைக்கு வரவழைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகள் காலங்காலமாகப் பயிரிட்டுவந்த டெப்பரி பீன்ஸ், கொஞ்சம் மழையிலேயே காய்த்துவிடக்கூடியது. தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய எந்தப் பாடத்தையும்விட, அந்த ஒரு கைப்பிடி பயறு அதிகம் சொல்லித்தரும்.

நூலகத்துக்கு வந்த கடிதம்

எல்லா இடத்திலும் வரவேற்பு இருந்துவிடவில்லை. பென்சில்வேனியா மாகாணத்தின் மெக்கானிக்ஸ்பர்க் என்ற சிறு நகரத்து நூலகம் 2014 ஏப்ரலில் ஆசை ஆசையாக விதை இரவலைத் தொடங்கியது. ஜூன் மாதமே மாகாண வேளாண் துறையிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. 'நீங்கள் செய்வது விதைச் சட்டத்துக்கு உட்பட்டது' என்பது அதன் சாரம்.

விதை விற்பவர்கள் தரத்தைச் சோதித்து, முளைப்புத்திறனை உறையில் அச்சிட வேண்டும் என்பது 2004-ம் ஆண்டுச் சட்டம். விவசாயி ஏமாறக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம்தான். ஆனால், ஒவ்வொரு ரகத்திலும் நூற்றுக்கணக்கான விதைகளைச் சோதனைக்கே கொடு என்றால், வீட்டுக்கு வீடு இருபது முப்பது விதை வாங்கிச் சேர்க்கும் நூலகம் எங்கே போகும்? தவறான பெயர் ஒட்டிய விதை, நச்சுச்செடி, களை பரவிவிடும் என்ற அச்சமும் சொல்லப்பட்டது. உள்ளூர் ஆணையர் ஒருவர் 'வேளாண் பயங்கரவாதம்' வரைக்கும் பேச்சைக் கொண்டுபோக, செய்தி நாடு முழுக்கப் பரவியது. கடைசியில், அந்த ஆண்டு கம்பெனிகள் பொட்டலமிட்ட விதைகளை மட்டுமே நூலகம் கொடுக்கலாம், தோட்டக்காரர்கள் நூலகத்தில் கூடித் தங்களுக்குள் விதை மாற்றிக்கொள்ளலாம் என்று சமரசமானது. விதை இரவலின் உயிரே போய்விட்டது போன்ற நிலைமை.

அப்போது அமெரிக்கா முழுக்க சுமார் 300 விதை நூலகங்கள் இருந்தன. இன்று அந்த ஊர் என்றால், நாளை எந்த ஊர்? நூலகர்களும் தோட்டக்காரர்களும் வழக்கறிஞர்களும் கைகோத்தார்கள். வியாபாரம் வேறு, அக்கம்பக்கத்துப் பரிமாற்றம் வேறு என்று மாகாணம் மாகாணமாக எடுத்துச் சொன்னார்கள். மின்னசோட்டா, நெப்ராஸ்கா மாகாணங்கள் 2015-ல் சட்டத்தைத் திருத்தின. 2016-ல் இல்லினாயும் கலிஃபோர்னியாவும் சேர்ந்துகொண்டன. கடிதம் அனுப்பிய பென்சில்வேனியாவே அதே ஆண்டு, லாப நோக்கமில்லாத விதைப் பரிமாற்றத்துக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று அறிவித்துவிட்டது.

இந்தியாவில் நிலைமை என்ன? பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ன்படி, தான் விளைவித்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

திரும்பி வராத விதைகள்

சட்டச் சிக்கல் தீர்ந்தாலும், தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. விதை வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பிக் கொண்டுவருவதில்லை. செடி காய்ந்துபோகும், அணில் தின்றுவிடும், வீடு மாறிவிடுவார்கள், மறந்தும்விடுவார்கள். அபராதம் போடவும் முடியாது. அதனால் பல நூலகங்கள் கம்பெனிகள் நன்கொடையாகத் தரும் விதைகளைக் கொண்டே அலமாரியை நிரப்புகின்றன.

நூலகர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, கடிதமோ அபராதமோ அல்ல. வகுப்பு. விதைப்புக் காலத்தில் ஒன்று, விதையெடுக்கும் காலத்தில் ஒன்று, நடுவில் மக்கும் குப்பையை உரமாக்கும் பயிற்சி, குழந்தைகளுக்குச் செடி கொடிக் கதை நேரம். விதை கையில் இருப்பவருக்கு இந்த வகுப்புகளுக்கு வர ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. 'என் செடியில் இலை சுருள்கிறதே, ஏன்?' என்ற கேள்வியோடு வருபவருக்குச் சொல்லும் பதில் மனதில் நிற்கும்.

திருப்பித் தர வேண்டும் என்றால், நன்றாகக் காய்த்த செடியில் முதல்தரமான காயைப் பறிக்காமல் விட வேண்டும். கண்ணெதிரே முற்றிக் காய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். இன்று சாப்பிடலாம் என்பதை நாளைக்காக விட்டுவைக்கும் அந்தப் பழக்கம்தான் சுற்றுச்சூழல் பாடத்தின் முதல் அத்தியாயம்.

இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 'நெல்' ஜெயராமனைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்குப் பாரம்பர்ய விதைநெல் 2 கிலோ இலவசமாகக் கொடுப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ, மேலும் இரண்டு விவசாயிகளுக்குப் போகும்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நடந்த ஜெயராமன், இப்படித் தேடிச் சேர்த்து மீட்ட ரகங்கள் 174. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், உப்பு நிலத்திலும் வரும் குழியடிச்சான்... பெயர்கூட மறந்துபோயிருந்த ரகங்கள் வயலுக்குத் திரும்பின. 2018 டிசம்பர் 6-ம் தேதி அவர் மறைந்தார். அவர் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு பின்னர் தொடங்கியது.

ரிச்மண்ட் நூலகம் வேண்டுகோளாக வைப்பதை, ஆதிரெங்கம் நிபந்தனையாகவே வைத்தது. ஒன்று நகரத்து வீட்டுத் தோட்டம், மற்றொன்று டெல்டா வயல். கடனும் கடமையும் ஒன்றுதான்.

நம் ஊர் நூலகத்தில் ஓர் இழுப்பறை

தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இன்று 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகப் பார்த்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சீர்காழிக்காரர். புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு விதைப் பெட்டி வந்தால் அவர் நிச்சயம் முகம் சுளிக்க மாட்டார்.

தேவைப்படுவது அதிகமில்லை. ஒரு பெட்டி, கொஞ்சம் காகித உறை, ஒரு நோட்டு, விவரம் தெரிந்த ஒரு வாசகர் வட்டம். எலியும் ஈரமும் அண்டாத இடம் முக்கியம். கத்தரி, அவரை, தக்காளி, வெண்டை என்று எளிதாக விதையெடுக்கக்கூடிய நான்கைந்து காய்களோடு தொடங்கினால் போதும். நூலகத்தில் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சமையலறையிலேயே இன்று தொடங்கலாம்.

வீட்டிலேயே விதையெடுக்க...

* தக்காளி: நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியின் விதையை, வழுவழுப்போடு சேர்த்து ஒரு டம்ளரில் வழித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். வழுவழுப்பு கரைந்துவிடும். அடியில் தங்கும் விதையே நல்ல விதை. கழுவி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

* அவரை, பீன்ஸ்: செடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். நெற்றைக் காதருகே ஆட்டினால் கலகலவென்று ஓசை வர வேண்டும். அதன் பிறகு உரித்தெடுங்கள்.

* கத்தரி: சமைக்கும் பக்குவம் விதைக்கு ஆகாது. காய் நிறம் மாறி, மஞ்சளாகப் பழுத்த பிறகு விதையைப் பிழிந்து, அலசி, உலர்த்துங்கள்.

* வெண்டை: செடியில் காய் நன்றாக முற்றி, காய்ந்து, வரிகளில் வெடிக்கும் நேரத்தில் பறியுங்கள். பக்கத்தில் வேறு ரக வெண்டை இல்லாமல் பார்த்துக்கொண்டால் கலப்பு குறையும்.

* எந்த விதையானாலும்: காய்ந்த உறையில் போட்டு, பெயர், எடுத்த மாதம், ஊர் மூன்றையும் எழுதுங்கள். ஈரமில்லாத, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால், எத்தனை முளைக்கும் என்பது தெரிந்துவிடும்.

இதிலெல்லாம் பாட்டிகளுக்குப் பாடம் எடுக்க முடியாது. கத்தரி விதையைச் சாம்பலில் பிசறி வைத்தவர்கள் அவர்கள். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பொதிந்து சுவரில் தட்டியவர்கள். விதைநெல்லை வைக்கோல் பிரியில் கோட்டை கட்டி, மேலே சாணம் மெழுகி, அடுத்த பட்டம் வரை காத்தவர்கள். பசித்தாலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் ஒரு பிடி கொடுப்பதும், அடுத்த ஆண்டு அவர் திருப்பிக் கொடுப்பதும் எந்த நோட்டிலும் எழுதாமலேயே நடந்தன.

அந்தப் பாட்டிகளில் இன்னும் பலர் நம்மோடு இருக்கிறார்கள். பழைய சேலைத்துணியில் முடிந்த அவரை விதை, எந்தப் பரணிலோ எந்தப் பானையிலோ இன்னும் இருக்கக்கூடும். உங்கள் ஊர் நூலகத்தில் ஓர் இழுப்பறை காலியாக இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன், வீட்டில் அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் விதை, யார் கொடுத்தது, எப்போது போட்டால் காய்க்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டு, மறக்காமல் உறையின் மேல் எழுதி வையுங்கள்.